ஜி.எம். ஒன்று நினைக்க, பிளேயர் ஒன்று நினைக்க: ரோல்பிளேயிங் கேமுக்குத் திட்டம் போடுவது எப்படி?

1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் தன் நண்பர்களுக்காக ஒரு போர் விளையாட்டைத் தயாரித்தார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். இந்த மாதிரி விளையாட்டில் வழக்கமாக ஆளுக்கொரு படை இருக்கும். பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நகர்த்திச் சண்டை போடுவார்கள். வெஸ்லி அதைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். சிலருக்குப் படைக்குப் பதிலாக ஊர்க்காரர் வேடம் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேடம், ஆளுக்கொரு நோக்கம். ஒவ்வொருவராகத் தன்னிடம் வந்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள், ஆட்டம் ஒழுங்காக நகரும் என்பது அவர் கணக்கு.

நடந்தது வேறு. எல்லோரும் அவரை விட்டுவிட்டு மூலைக்கு மூலை நின்று தங்களுக்குள் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பேர் ஒண்டிக்கு ஒண்டி மோதலாம் என்று சவால் விட்டுக்கொண்டார்கள். அதற்கு விதி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. வெஸ்லி நின்ற இடத்திலேயே ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்தது என்று அவர் நொந்து போனார். ஆனால் விளையாடியவர்களுக்கு அந்தக் குரங்கைத்தான் பிடித்திருந்தது. இன்னொரு தடவை நடத்து என்று கேட்டார்கள்.

அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன், பின்னால் வேறொரு காலக்களத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் மாணவப் புரட்சிக்காரர் வேடத்தை வைத்துக்கொண்டு, தான் ஒரு சிஐஏ உளவாளி என்று மற்றவர்களை நம்ப வைத்தார். யாரும் அப்படி ஒரு பாதையை எழுதி வைக்கவில்லை. அதே ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கி 1974இல் வெளிவந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற முன்னோடி ரோல்பிளேயிங் கேம். ஆக, விளையாடுபவர்கள் திட்டத்தை உடைப்பது இந்தப் பொழுதுபோக்கில் இடையில் வந்து சேர்ந்த கோளாறு கிடையாது. இது பிறந்ததே அப்படி ஓர் உடைப்பில்தான்.

அப்படியானால் திட்டமே வேண்டாமா? வேண்டும். எந்த மாதிரித் திட்டம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், புதிதாக வருபவர்களுக்காக இரண்டு வரி. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசிப் பேசியே ஒரு கதையை நகர்த்தும் விளையாட்டு. ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு கேரக்டர்: திருடி, மந்திரவாதி, போர்வீரன், விண்வெளி விமானி, என்ன வேண்டுமானாலும். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். கேரக்டர்களைத் தவிர்த்த மிச்ச உலகம் முழுவதும் அவர் பொறுப்பு: ஊர், மழை, வில்லன், விடுதிக்காரர், நாய். "நீங்கள் ஒரு பாழடைந்த கோட்டைக்கு முன்னால் நிற்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று ஜி.எம். கேட்பார். பிளேயர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுவார்கள். விதிப்புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உள்ளே நடப்பது இவ்வளவுதான்.

கணினி விளையாட்டிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுதான். கணினியில் அந்தக் கோட்டைக்கு வாசல், ஜன்னல், சுரங்கப்பாதை என்று மூன்று வழிகள் வைத்திருந்தால் மூன்றுதான். மேசையில் யாராவது ஒருவர், "கோட்டைக்குள் போகவேண்டாம், ஊரிலேயே காத்திருந்து உள்ளே இருக்கும் வில்லனின் சாப்பாட்டு வண்டி எப்போது வருகிறது என்று பார்ப்போம்" என்று சொல்லலாம். எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்கிறார், அதனால் அதுவும் நடக்கும். இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். ஜி.எம்.முக்கு வயிற்றைக் கலக்குவதும் இதேதான்.

தண்டவாளமும் பொட்டல் வெளியும்

தயாரித்த கதையை விட்டு பிளேயர்களை நகரவிடாமல் இழுத்துக்கொண்டு போவதற்கு இந்த வட்டாரத்தில் ரெயில்ரோடிங் என்று பெயர். மோசமான ரெயில்ரோடிங் பார்த்தவுடன் தெரியும்: கதவை உடைக்க முடியாது, சுவரேற முடியாது, காவலன் லஞ்சம் வாங்கமாட்டான், தூக்க மந்திரம் ஏதோ காரணத்தால் இன்றைக்கு மட்டும் வேலை செய்யாது. கடைசியில் ஜி.எம். மனதில் வைத்திருந்த ஒரே ஒரு வழியைக் கண்டுபிடிக்கும்வரை பிளேயர்கள் முட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் ஒன்றும் இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்த வரைபடம், எழுதி எழுதி மெருகேற்றிய வில்லன் வசனம். அதைக் காட்டாமல் போவதற்கு யாருக்கு மனம் வரும்? உழைப்பு கூடக்கூட பிடிவாதமும் கூடும். அதனால்தான் புதிய ஜி.எம்.களிடம் நான் முதலில் சொல்வது: அதிகம் தயாரிக்காதீர்கள். சோம்பேறித்தனத்துக்காக இதைச் சொல்லவில்லை. குறைவாக எழுதியவருக்குத்தான் கைவிடுவது சுலபம்.

ரெயில்ரோடிங்கில் நாசூக்கான வகை ஒன்றும் உண்டு. காட்டில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடதா வலதா என்று பிளேயர்கள் மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் அதே அரக்கன் நிற்கும்படி ஜி.எம். வைத்திருக்கிறார். தெரியாதவரை பாதகமில்லை என்பார்கள் சிலர். என் கருத்தில், எப்போதாவது ஒரு தடவை அவசரத்துக்குச் செய்தால் குடி முழுகிவிடாது. பழக்கமானால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் எந்தக் கேள்வி கேட்டாலும் "எதுவானாலும் ஒன்றுதானே" என்று கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பொட்டல் வெளி. "உங்களுக்கு முழுச் சுதந்திரம், இந்த உலகத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு ஜி.எம். கைகட்டிக்கொள்வார். கேட்க நன்றாக இருக்கும். மேசையில் என்ன நடக்கும்? நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது விடுதிக்குப் போவார்கள். விடுதியில் வீண் சண்டை ஒன்று நடக்கும். நேரம் முடிந்துவிடும். வெறும் சுதந்திரத்தில் கற்பனை ஓடாது. தள்ளிப் பார்க்க எதிரில் ஏதாவது இருந்தால்தான் ஓடும். வெறுமையான மேசையை விட லேசான தண்டவாளம் போட்ட மேசையே மேல் என்று கூடச் சொல்வேன். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் உண்டு.

யாரைப் பற்றித் திட்டம் போடுவது?

ஒரு சின்ன உதாரணத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் கிட்டேபோய்ப் பார்ப்போம். மலையடிவாரத்தில் ஒரு சுரங்க ஊர். மூன்று தொழிலாளர்கள் காணாமல் போயிருக்கிறார்கள். கேரக்டர்கள் விசாரிக்க வருகிறார்கள். புதிய ஜி.எம். ஒருவரின் குறிப்பேட்டில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"பிளேயர்கள் சுரங்க வாசலில் காவலர்களோடு சண்டை போடுவார்கள். செத்த காவலனிடம் சாவி கிடைக்கும். சாவியோடு அடிச்சுரங்கத்துக்குப் போவார்கள். அங்கே கண்காணிப்பாளர் தன் சதியை விளக்குவார். கடைசிச் சண்டை."

மறுபடி படித்துப் பாருங்கள். சண்டை போடுவது, சாவியை எடுப்பது, கீழே போவது எல்லாம் யார்? பிளேயர்கள். அதாவது, ஜி.எம். கட்டுப்பாட்டில் இல்லாத ஒரே கூட்டத்தின் நடவடிக்கைகளை ஜி.எம். எழுதி வைத்திருக்கிறார். முதல் வரி நடக்கவில்லை என்றால் மிச்சம் நான்கும் குப்பைக்கூடை.

இப்போது அதே கதையை, பிளேயர்களைத் தொடாமல் எழுதிப் பார்ப்போம்:

"கண்காணிப்பாளர்: மூடிவைத்த அடிச்சுரங்கத்தில் ரகசியமாகப் படிகம் தோண்டுகிறார். முதலாளிக்குத் தெரிந்தால் தலை போய்விடும். மாதக் கடைசிக்குள் சரக்கை விற்றுவிட்டு ஊரை விட்டு ஓடத் திட்டம்.

காணாமல் போனவர்கள்: உயிரோடு இருக்கிறார்கள். பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டதால் கீழேயே அடைத்து வைத்துத் தோண்ட வைத்திருக்கிறார்.

காவலர்கள்: இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. இவருக்காக உயிரை விடமாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை: எல்லாம் தெரியும். பயந்தவர்.

அடிச்சுரங்கம்: ஒரு சுவருக்குப் பின்னால் நிலத்தடி ஏரி. இன்னும் கொஞ்சம் தோண்டினால் உடையும்."

நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இதில் பிளேயர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அவர்கள் வராவிட்டாலும் ஊரில் ஏதோ நடக்கும்: சரக்கு விற்கும், அல்லது சுவர் உடையும். ஆங்கிலத்தில் இந்த விளையாட்டுகளைப் பற்றி எழுதுபவர்களில் ஜஸ்டின் அலெக்ஸாண்டர் நீண்டகாலமாக வலியுறுத்திவரும் விஷயம் இது: நிகழ்ச்சி வரிசையைத் தயாரிக்காதே, சூழ்நிலையைத் தயாரி. நானும் அதே கட்சி.

சரி, இனி மேசைக்கு வருவோம். சுரங்க வாசல். ஜி.எம். "என்ன செய்யறீங்க?" என்று கேட்கிறார்.

திருடி வேடத்தில் இருப்பவர் சொல்கிறார்: "சண்டை எதுக்கு? நாங்க தலைநகரத்துல இருந்து வந்த தணிக்கை அதிகாரிங்க. கணக்குப் புத்தகத்தையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்றோம்."

மேசையில் சிரிப்பு. ஜி.எம். யோசிக்காத விஷயம்.

"சரி. காவலன் உங்க துணியைப் பார்க்கறான். மூணு நாள் காட்டுல நடந்து வந்த துணி. தணிக்கைக்காரங்க மாதிரி இல்லையே? அவனுக்கு என்ன காட்டறீங்க?"

மந்திரவாதி குறுக்கே வருகிறார்: "போன ஊர் நீதிபதி நமக்கு ஒரு நன்றிக் கடிதம் குடுத்தார்ல, அதுல அரசு முத்திரை இருக்கு. முத்திரையை மட்டும் காட்டறேன். படிக்க விடமாட்டேன்."

"பிரமாதம். காவலனுக்குப் படிக்கத் தெரியாது, முத்திரை தெரியும். விறைப்பா நின்னு வழி விடறான். ஆனா கண்காணிப்பாளர் படிச்ச ஆள். அவர்கிட்ட நீங்க வாயைத் திறக்கும்போது பகடை."

இங்கே ஜி.எம். என்ன செய்தார் என்று கவனிக்க வேண்டும். "அது முடியாது" என்றும் சொல்லவில்லை, "சரி, உள்ளே போயாச்சு" என்று விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஒரு தடையைக் காட்டினார், அதை எப்படித் தாண்டுவீர்கள் என்று கேட்டார். பதில் நன்றாக இருந்தது, பழைய செஷன் ஒன்றில், அதாவது முன்பு ஒரு நாள் உட்கார்ந்து ஆடியபோது, கிடைத்த பொருளையும் பயன்படுத்தியது. அதற்குக் கூலியாகக் காவலனைப் பகடை இல்லாமலே கடக்க விட்டார். உண்மையிலேயே சந்தேகம் இருக்கும் இடத்துக்கு, அதாவது கண்காணிப்பாளருக்கு, பகடையை ஒதுக்கி வைத்தார்.

பகடைக் கணக்கையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் நடுத்தரமான ஒரு காரியத்துக்கு இலக்கு எண் 15, கடினமானதுக்கு 20. 20 முகப் பகடையை உருட்டி, கேரக்டரின் திறமைப் புள்ளியைக் கூட்ட வேண்டும். திருடிக்கு ஏமாற்றுக் கலையில் 5 புள்ளி இருந்தால் 15ஐ எட்டப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும்: 55 சதவீத வாய்ப்பு. புள்ளி எதுவும் இல்லாத போர்வீரன் அதே பொய்யைச் சொன்னால் 30 சதவீதம். பிளேயரின் யோசனை நன்றாக இருந்தால் ஜி.எம். இலக்கைக் குறைக்கலாம், அல்லது பகடையே வேண்டாம் என்று சொல்லலாம். கற்பனைக்கு விளையாட்டில் மதிப்பு கொடுப்பது என்றால் நடைமுறையில் இதுதான். வாயால் "நல்ல யோசனை" என்று பாராட்டிவிட்டு இலக்கை 25 ஆக வைப்பதில் பயனில்லை.

பகடை சரியாக விழவில்லை என்றால்? இதில்தான் நிறைய மேசைகள் முட்டுச்சந்தில் நிற்கும். "அவர் நம்பவில்லை, வெளியே துரத்திவிட்டார், இப்போது என்ன செய்கிறீர்கள்?" ஒன்றும் செய்ய முடியாது, மறுபடி வாசலிலேயே நிற்கிறார்கள். நம் குறிப்பைத் திருப்பிப் பார்த்தால் வேறு வழி தெரியும். கண்காணிப்பாளருக்கு ரகசியம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. பயந்தவர் வாசலில் வைத்துச் சண்டை போடமாட்டார். சிரித்துக்கொண்டே, "பழைய பதிவேடுகள் எல்லாம் கீழறையில் இருக்கின்றன, வாருங்கள்" என்று அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிடுவார். தோற்றதற்கு விலை உண்டு, ஆனால் கதை நகர்கிறது. வேடிக்கை என்னவென்றால், போக நினைத்த அடிச்சுரங்கத்துக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். போகிற போக்கில் திருடி, "முதல்ல சம்பளப் பதிவேட்டைக் குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்கிறாள் என்று வையுங்கள். தணிக்கைக்காரர் வேடத்துக்குப் பொருத்தமாக இருக்குமே என்றுதான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் நிற்கும் காவலர்களுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை என்று குறிப்பில் இருக்கிறது. அவர்கள் காது விறைக்காதா? ஒருவன் மெல்லக் கேட்பான், "ஐயா, எங்க பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு?" கத்தி உருவாமலே காவலர்கள் கட்சி மாறும் காட்சி வந்துவிட்டது. இதை ஜி.எம்.மும் திட்டமிடவில்லை, பிளேயரும் திட்டமிடவில்லை. குறிப்பில் இருந்த ஒரு வரியும் மேசையில் விழுந்த ஒரு வார்த்தையும் சந்தித்துக்கொண்டன. தயாரிப்பு சரியாக இருந்தால் கற்பனை அதை உடைக்காது, அதில் பற்றிக்கொள்ளும்.

துப்பும் கடிகாரமும்

இந்த முறையில் இரண்டு ஓட்டைகள் உண்டு, இரண்டுக்கும் பழகிய மருந்து இருக்கிறது.

ஒன்று: எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றால், கதைக்குத் தேவையான தகவலை அவர்கள் தவறவிட்டால்? தொழிலாளர்கள் உயிரோடு இருப்பது தெரியாவிட்டால் கதையே நின்றுவிடுமே. இதற்கும் அலெக்ஸாண்டர் சொன்ன விதி பரவலாகப் பயன்படுகிறது: பிளேயர்கள் ஒரு முடிவுக்கு வந்தே ஆகவேண்டும் என்றால், அதைச் சுட்டும் துப்புகள் குறைந்தது மூன்று வையுங்கள். ஒன்றைப் பார்க்கமாட்டார்கள், ஒன்றைப் பார்த்தும் விட்டுவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். நம் சுரங்கத்தில்: கூலிக்காரர் எண்ணிக்கையை விட மூன்று பேருக்கு அதிகமாகச் சமைக்கும் சமையற்காரி, மூடிய சுரங்கத்துக்கு இன்னும் விளக்குக்கு எண்ணெய் வாங்குவதாகக் காட்டும் கணக்கு, இரவில் தரைக்கடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்பதாகச் சொல்லும் குழந்தை. சமையற்காரியைச் சமையலறையில்தான் சந்திக்க வேண்டும் என்றில்லை. அவர்கள் விடுதியில் இருந்தால் அவளும் விடுதிக்கு வரட்டும்.

இரண்டாவது: எதிராளிகள் சும்மா உட்கார்ந்திருந்தால் உலகம் உறைந்துபோய்விடும். அதற்குக் கடிகாரம். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு, அப்புறம் பிளேட்ஸ் இன் தி டார்க் ஆகிய விளையாட்டுகளின் வழியாக இந்த உத்தி பிரபலமானது. ஒரு வட்டம் வரைந்து நான்காகவோ ஆறாகவோ எட்டாகவோ பிரியுங்கள். மேலே "அடிச்சுரங்கச் சுவர் உடைகிறது" என்று எழுதுங்கள். பிளேயர்கள் நேரத்தை வீணாக்கும்போதும், பகடை மோசமாக விழும்போதும் ஒரு துண்டை நிரப்புங்கள். ஆறாகப் பிரித்திருந்தால், முதல் இரண்டு துண்டில் தரையில் ஈரம் தெரியும். நான்காவதில் கிணற்றுத் தண்ணீர் கலங்கும். ஆறாவது நிரம்பினால் சுவர் போயிற்று. வட்டத்தை எல்லோரும் பார்க்கும்படி மேசை நடுவில் வைத்துவிடுங்கள் என்பது என் யோசனை. பிளேயர்கள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். வட்டம் நிரம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடிதான் போவார்கள்.

முடியாது என்று சொல்வது

பிளேயர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடு, அதோடு ஒன்றைச் சேர்த்துக் கொடு என்று மேடையில் ஒத்திகையில்லாமல் நடிப்பவர்களிடமிருந்து ஒரு விதி இந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நல்ல விதிதான், ஆனால் அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஆமாம் என்பதற்கும் முடியாது என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. "முடியும், ஆனால் சத்தம் கேட்கும்." "முடியும், ஆனால் உன்னிடம் இருக்கும் ஒரே கயிற்றை இழக்க வேண்டும்." "அப்படி முடியாது, ஆனால் கூரை வழியாக முயற்சி செய்யலாம்." அனுபவமுள்ள ஜி.எம்.கள் பெரும்பாலான நேரம் இந்த நடுப்பகுதியில்தான் இருப்பார்கள்.

ஒரேயடியாக முடியாது என்று சொல்லவேண்டிய இடங்களும் உண்டு. ஏற்கெனவே மேசையில் நிலைநாட்டப்பட்ட உண்மையை அந்த யோசனை பொய்யாக்கினால். எல்லோரும் திகில் கதைக்கு ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் கோமாளித்தனம் செய்தால். முக்கியமாக, இன்னொரு பிளேயரின் ஆட்டத்தைக் கெடுத்தால். அப்போது கதைக்குள்ளிருந்து தண்டிக்காதீர்கள். வானத்திலிருந்து பாறை விழுந்து அவன் கேரக்டர் செத்தான் என்பது சின்னப்பிள்ளை வேலை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு மனிதரோடு மனிதராகப் பேசுங்கள்: "இது நாம பேசிக்கிட்ட கதைக்கு ஒத்து வராது, வேற யோசி." அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படி எதை முன்கூட்டிப் பேசிக்கொள்வது என்றால், அதற்காகத்தான் செஷன் ஜீரோ. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து, எந்த மாதிரிக் கதை, எவ்வளவு ரத்தம், எதெல்லாம் வேண்டாம், கேரக்டர்கள் ஏன் ஒன்றாகச் சுற்றுகிறார்கள் என்று முடிவு செய்துகொள்வது. சலிப்பான வேலை போலத் தெரியும். பின்னால் வரும் சண்டைகளில் முக்கால்வாசி இங்கேயே தீர்ந்துவிடும்.

பிளேயர்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தத் தலைப்பில் பேசுபவர்கள் எல்லோரும் ஜி.எம்.முக்கே புத்தி சொல்வார்கள். மேசையில் ஐந்து பேர் இருக்கிறார்கள், பொறுப்பு மட்டும் ஒருவர் தலையில்.

கற்பனை வேறு, கலைப்பது வேறு. தணிக்கை அதிகாரி வேடம் போட்ட திருடி சுரங்கத்துக்குள் போகத்தான் பார்த்தாள். வழி மட்டும் அவளுடையது. "எனக்குச் சுரங்கத்துல ஆர்வமில்ல, நான் கடலுக்குப் போறேன்" என்பவர் தன்னை மட்டும் நினைக்கிறார். ஜி.எம். ஒரு சிக்கலை மேசைமேல் வைத்தால், அதைத் தொடுவது பிளேயர் பக்கத்து நாகரிகம். "என் கேரக்டர் குணம் அப்படி" என்பது பதிலாகாது. அந்தக் குணத்தைக் கொடுத்ததே நீங்கள்தானே? சுரங்கத்தில் அக்கறை வைக்க ஒரு காரணத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

முன்கதை எழுதும்போதும் இதை நினைவில் வையுங்கள். பத்துப் பக்கப் பிறப்பு வளர்ப்புக் கதையை ஜி.எம். படிப்பார், மறப்பார். அதைவிட, "சுரங்கத் தொழிலாளி அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவனோடு பேச்சுவார்த்தை இல்லை" என்ற ஒரு வரி போதும். காணாமல் போன மூவரில் ஒருவன் யார் என்று ஜி.எம். அன்றைக்கே முடிவு செய்துவிடுவார்.

கை நழுவும்போது

எவ்வளவு தயாராக இருந்தாலும் ஒரு நாள் முழுக்கவும் எதிர்பாராதது வரும். பிளேயர்கள் கண்காணிப்பாளரோடு கூட்டு சேர்ந்து, படிகத்தில் பங்கு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருதிருவென்று விழிக்க வேண்டியதில்லை. "இதை நான் சுத்தமா எதிர்பார்க்கல, பத்து நிமிஷம் குடுங்க" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். ஜி.எம்.மை அசர வைத்துவிட்டோம் என்று அவர்களுக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி: குறிப்பில் இருக்கும் ஒவ்வோர் ஆளும் இதைக் கேள்விப்பட்டால் என்ன செய்வார்? கணக்குப்பிள்ளை முதலாளிக்குக் கடிதம் எழுதுவார். காவலர்கள் தங்கள் பங்கைக் கேட்பார்கள். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சும்மா இருக்காது. ஆட்டத்தைத் தொடர இது தாராளம்.

பயன்படாமல் போன அடிச்சுரங்க வரைபடத்தைக் கிழிக்காதீர்கள். இன்னொரு மாதம் இன்னொரு மலையில் அது வேறொரு குகையாக வரலாம். காட்டுப் பாதை அரக்கன் கதையும் இதுவும் ஒன்றல்லவா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. அங்கே பிளேயர்கள் யோசித்து எடுத்த முடிவு செல்லாக்காசாக்கப்பட்டது. இங்கே அவர்கள் முடிவு அப்படியே நிற்கிறது. அவர்கள் கண்ணில் படாத காகிதம் ஒன்று வேறு வேலைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கடையில் வாங்கிய தயார்நிலைக் கதைப்புத்தகத்தை வைத்து நடத்துபவர்களுக்கும் இதேதான். அதில் அத்தியாயம் அத்தியாயமாக நிகழ்ச்சிகள் இருக்கும். படிக்கும்போதே ஒரு தாளில் யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எது தெரியும் என்று மட்டும் பிரித்தெழுதிக்கொள்ளுங்கள். அத்தியாய வரிசையை மேசையில் மறந்துவிடலாம்.

கடைசியாக, செலவில்லாத ஒரு பழக்கம். ஒவ்வொரு செஷன் முடிவிலும், எல்லோரும் எழுந்து போவதற்கு முன், "அடுத்த முறை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். "கணக்குப்பிள்ளையைத் தனியாப் பிடிச்சுப் பேசப் போறோம்" என்பார்கள். இப்போது நீங்கள் பத்துத் திசைக்கும் தயாரிக்க வேண்டாம். கணக்குப்பிள்ளைக்கு வீடு எங்கே, வீட்டில் யார், எதற்குப் பயப்படுகிறார் என்று அரைப்பக்கம் எழுதினால் போதும். அடுத்த முறை வந்து உட்கார்ந்ததும் அவர்கள் மனசு மாறி வேறெங்காவது கிளம்பினாலும், நட்டம் அந்த அரைப்பக்கம்தான்.